எண்டுரோ வண்டி கொதிக்குதா? ஃபேன், கேப், கூலன்ட், பெரிய ரேடியேட்டர்: எதுக்குக் காசு போடறது?

வெயில் காலம் வந்துட்டா டர்ட் பைக் ஓட்டறவங்ககிட்ட இருந்து வர்ற கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏத்தத்துல ரெண்டு தடவ மாட்டினா ரேடியேட்டர் கேப் வழியா கூலன்ட் (இன்ஜின ஆற வைக்கற திரவம்) துப்புது, ஃபேன் கிட் போடவா, 1.8 கேப் (1.8 பார் அழுத்தம் வரைக்கும் தாங்கற மூடி) மாத்தவா, இல்ல தண்ணியே இல்லாத கூலன்ட் ஊத்திடவான்னு. இதுல சிக்கல் என்னன்னா இந்த மூணும் ஒரே வேலையச் செய்யற சாமான் இல்ல. ஒண்ணு சூட்டக் குறைக்கும், இன்னொண்ணு கொதிக்கற நேரத்தத் தள்ளிப் போடும், மூணாவது சூடு ஏறினாலும் கொதிக்காம பாத்துக்கும். உங்க வண்டிக்கு இதுல எது தேவைன்னு தெரியாம காசு போட்டா, 1.8 கேப் மாட்டின அப்புறமும் வண்டி அதே சூட்டுலதான் ஓடும், வெளிய துப்பாததால உங்களுக்குத் தெரியாம ஓடும், அவ்வளவுதான்.

இங்க நான் பேசறது முக்கியமா ஃபேன் இல்லாம வர்ற லிக்விட் கூல்டு மோட்டோகிராஸ் (மண் டிராக் ரேஸுக்கு), எண்டுரோ (காடு, கல்லு, ஏத்தத்துக்கு) வண்டிங்களப் பத்தி. 250, 300 டூ ஸ்ட்ரோக், 250, 450 ஃபோர் ஸ்ட்ரோக் இதெல்லாம். 390 அட்வென்ச்சர், ஹிமாலயன் 450 மாதிரி வண்டிகள்ல ஃபேன், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட ரேடியேட்டருக்கு விடாம வைக்கற வால்வு) ரெண்டும் கம்பெனியிலேயே வந்துடுது, அதனால அவங்களுக்குப் பொருந்தற இடத்துல மட்டும் தனியா சொல்றேன்.

## எத வச்சு எடை போடப் போறோம்

முதல் கேள்வி, இந்தச் சாமான் கூலன்ட் சூட்ட நிஜமாவே குறைக்குதா, இல்ல கொதிநிலைய மட்டும் ஏத்துதா. ரெண்டாவது, வண்டி நகராம நிக்கும்போது வேல செய்யுதா, ஏன்னா எண்டுரோ வண்டி கொதிக்கறது 60ல போகும்போது இல்ல, நடக்கற வேகத்துல ஹாஃப் கிளட்ச்ல கல்லு ஏறும்போதுதான். மூணாவது, வண்டி விழுந்தா, சேத்துல மாட்டினா, ஆத்துல இறங்கினா அது என்ன ஆகும். நாலாவது, பில்லுல வராத செலவு என்ன. கடைசியா, காட்டுக்குள்ள அது கெட்டுப்போனா கையில இருக்கற சாமான வச்சு வீட்டுக்கு வந்து சேர முடியுமா. எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம், ஆனா கடையில யாரும் அதக் கேக்கறதில்ல.

கொஞ்சம் கணக்கும் தெரிஞ்சிருக்கணும். ரேடியேட்டர் வெளிய தள்ற சூடு, கூலன்டுக்கும் வெளிக்காத்துக்கும் உள்ள வித்தியாசத்தப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி, வெளிய 25 டிகிரின்னா வித்தியாசம் 70. அதே கூலன்ட், சித்திரை வெயில்ல வெளிய 40 டிகிரின்னா வித்தியாசம் 55 தான். அதாவது அதே ரேடியேட்டர், அதே காத்து, ஆனா அஞ்சுல ஒரு பங்கு திறன் போச்சு. குளிர் நாட்டுல ஓட்டறவங்க வீடியோல ஃபேன் எல்லாம் தேவையே இல்லன்னு சொல்றத அப்படியே இங்க எடுத்துக்க முடியாததுக்குக் காரணம் இதுதான்.

இன்னொண்ணு, இந்த வண்டிகள்ல மொத்த கூலன்டே ஒரு லிட்டர் சொச்சம்தான். அதுல 200 மில்லி வெளிய போனா பம்ப் காத்தையும் ஆவியையும் இழுக்க ஆரம்பிக்கும், ஓட்டம் குறையும், ஓட்டம் குறைஞ்சா இன்னும் கொதிக்கும், இன்னும் துப்பும். ஒரு தடவ துப்ப ஆரம்பிச்ச வண்டி அடுத்த ஏத்தத்துல இன்னும் சீக்கிரம் துப்பறது இதனாலதான்.

## காசு போடறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

ரேடியேட்டர் ஃபின்ன (ட்யூப்களுக்கு நடுவுல இருக்கற மெல்லிசான தகடுகள) பின்பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. முன்னாடி பாத்தா சுத்தமா தெரியும், ஆனா செம்மண் சேறு உள்ள போயி ஃபின்னுக்கு நடுவுல காஞ்சு செங்கல்லு மாதிரி உக்காந்திருக்கும், வெளிச்சம் மறுபக்கம் வரவே வராது. அதப் பிரஷர் வாஷர வச்சு முன்னாடி இருந்து அடிக்காதீங்க, ஃபின் மடங்கிடும், சேறும் இன்னும் உள்ளதான் போகும். கொஞ்ச நேரம் தண்ணியில ஊற விட்டு, பின்பக்கத்துல இருந்து சாதா ஹோஸ் தண்ணிய மெதுவா விடுங்க, சிவப்பா வந்துகிட்டே இருக்கும், தெளிஞ்சு வர்ற வரைக்கும் விடுங்க. மடங்கின ஃபின்ன ஒரு சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவர் வச்சுப் பொறுமையா நிமித்தலாம், ட்யூப்ல படாம பாத்துக்கங்க. இத மட்டும் செஞ்சே பிரச்சன தீந்த வண்டிங்க நிறைய.

அடுத்து கேப். கழட்டிக் கையில எடுத்துப் பாருங்க (இன்ஜின் ஆறின அப்புறம்தான், சூட்டுல திறந்தா மூஞ்சிக்கே வரும்). அடியில ஒரு பெரிய ரப்பர் வாஷர், அத அழுத்தற ஸ்பிரிங், நடுவுல நகத்தால இழுத்தா லேசா வெளிய வர்ற ஒரு சின்ன வட்டத் தகடு. பெரிய ரப்பர்ல வளையமா பள்ளம் விழுந்திருந்தாலோ வெடிச்சிருந்தாலோ அந்தக் கேப் மேல போட்டிருக்கற அழுத்தத்தத் தாங்காது. சின்னத் தகடு ஒட்டிக்கிட்டு அசையலன்னா, ஆறும்போது வெளிய போன கூலன்ட் திரும்ப உள்ள வராது.

மூணாவது, சூடே ஆகாம கூலன்ட் குறையுதான்னு பாருங்க. கேப்பத் திறந்து வச்சு குளிர்ந்த இன்ஜின ஸ்டார்ட் பண்ணும்போது குமிழ் குமிழா விடாம வந்துகிட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட் இல்லன்னா ஓ ரிங் போயிருக்கு. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா வாட்டர் பம்ப் சீல். இந்த ரெண்டுல எது இருந்தாலும் கீழ இருக்கறது எதுவுமே உங்களுக்கு உதவாது, மொதல்ல மெக்கானிக்கப் பாருங்க. கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்ல ஜெட்டிங் லீனா (காத்துக்குத் தகுந்த பெட்ரோல் வராம) இருந்தாலும் சூடு ஏறும், அதுவும் ரேடியேட்டர் கோளாறு இல்ல.

## ஃபேன் கிட்

நிக்கற வண்டியில சூட்ட நிஜமாவே வெளிய தள்றது இந்த லிஸ்ட்ல இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் காத்து ஓடினாத்தான் வேல செய்யும், இல்ல கொதிநிலைய மட்டும் தள்ளிப் போடும். அதனால மெதுவான, கல்லு நிறைஞ்ச, ஏத்தமான இடத்துல ஓட்டறவங்களுக்கு என் வோட்டு எப்பவும் ஃபேனுக்குத்தான்.

டிரெய்ல் டெக் மாதிரி கம்பெனிங்க வண்டி மாடலுக்குத் தகுந்த கிட்டே விக்கறாங்க, பிராக்கெட், சென்சார், வயரிங் எல்லாம் சேந்து வரும், எத்தன டிகிரில ஆன் ஆகணும்னு நீங்களே செட் பண்ணலாம். விலை அதிகம், வெளிநாட்டுல இருந்து வரவச்சா டியூட்டி வேற. இன்னொரு வழி, தனியா ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேனும் ஹோஸ் நடுவுல மாட்டற தெர்மோ ஸ்விட்சும் வாங்கி நாமளே பொருத்திக்கறது. இது செலவு கம்மி, ஆனா பிராக்கெட் வேலை நல்லா தெரிஞ்சவர் செய்யணும், ஆடற ஃபேன் ரேடியேட்டர் கோர்ல உரசி ஓட்ட போட்டுடும்.

மறைஞ்சிருக்கற செலவு கரென்ட்டுலதான் வரும். சின்ன ஃபேன் 3 ஆம்பியர் இழுத்தாலே 36 வாட், அதாவது ஒரு ஹாலஜன் ஹெட்லைட் அளவு. பேட்டரி, செல்ஃப் ஸ்டார்ட் இருக்கற எண்டுரோ வண்டி இதத் தாங்கும், ஆனா ஐடில்ல ஸ்டேட்டர் (இன்ஜின்ல கரென்ட் உண்டாக்கற காயில்) குடுக்கறது கம்மிங்கறதால ஹெட்லைட், ஃபேன், ஃபோன் சார்ஜர் மூணும் சேந்தா பேட்டரி மெல்ல இறங்கும். கிக்கர் மட்டும் இருக்கற மோட்டோகிராஸ் வண்டியில லைட்டிங் காயிலே இருக்காது, ஸ்டேட்டர் மாத்தி, ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் போட்டு, கெபாசிட்டரோ சின்ன பேட்டரியோ வச்சு அப்புறம்தான் ஃபேன். அங்க ஃபேன் விலைய விட மத்த செலவுதான் ஜாஸ்தி.

மாட்டின உடனே காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு கண்டிப்பா பாருங்க. ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னாடி உக்காந்து காத்த முன்னாடி இருந்து பின்னாடி இழுக்கணும். வயர் பிளஸ் மைனஸ் மாறிட்டா திருப்பி ஊதும், அப்போ வண்டி ஓடும்போது எதிர்க்காத்தோட சண்ட போட்டுகிட்டு இருக்கும். ஒரு டிஷ்யூ பேப்பரக் கிழிச்சு ரேடியேட்டர் முன்னாடி பிடிங்க, ஃபின்ல போயி ஒட்டிக்கிட்டா சரி, பறந்து போனா வயர மாத்துங்க. அதோட கையால ஆஃப் பண்ற மாதிரி ஒரு ஸ்விட்ச் வைங்க. ஆழமான தண்ணியில இறங்கும்போது சுத்தற ஃபேன் பிளேட் தண்ணியில அடிச்சா மோட்டார் ஸ்டக் ஆகும், ஃபியூஸ் போகும், சில சமயம் பிளேட் வளைஞ்சு கோர்ல படும்.

டூ ஸ்ட்ரோக்ல எக்ஸ்பேன்ஷன் சேம்பர் (புடைச்ச எக்ஸாஸ்ட் பைப்) ஒரு பக்கமா புடைச்சுகிட்டுப் போறதால அந்தப் பக்க ரேடியேட்டர்ல இடம் இருக்காது, மறுபக்கம்தான் மாட்ட முடியும். ஒரு ஃபேனே போதும், ரெண்டு தேவைப்படறது ரொம்ப அரிது. ஃபேன் கெட்டுப்போனாலும் வண்டி பழையபடி ஃபேன் இல்லாத வண்டியா ஓடும், காட்டுல மாட்ட மாட்டீங்க. இதுவும் எனக்குப் பிடிச்ச விஷயம்.

## ஹை பிரஷர் கேப்

விலை கம்மி, மாட்ட ஒரு நிமிஷம், அதனாலயே எல்லாரும் மொதல்ல இதுக்குத்தான் போறாங்க. குக்கர் விசில் கதைதான், அழுத்தம் ஏறினா கொதிக்கற டிகிரியும் ஏறும். ஜப்பான் மோட்டோகிராஸ் வண்டிங்க பெரும்பாலும் 1.1 பார் கேப்போட வரும், அதுல வெறும் தண்ணி கூட சுமார் 122 டிகிரிலதான் கொதிக்கும், பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தது 129 கிட்ட. 1.8 பார் போட்டா தண்ணிக்கு 131 ஆகும். ஆக உங்களுக்குக் கிடைக்கறது கூடுதலா 9 டிகிரி. சூடு ஒரு டிகிரி கூட குறையல.

இந்த 9 டிகிரி சில பேருக்கு நிஜமாவே போதும். ரேஸ்ல லாஸ்ட் லாப்ல மட்டும் துப்பற வண்டி, நல்லா ஓடிகிட்டு இருந்து ஒரே ஒரு ஏத்தத்துல மட்டும் விளிம்புக்குப் போற வண்டி, இதுக்கெல்லாம் கேப் சரியான தீர்வு. மலைமேல போறவங்களுக்கும் இதுல ஒரு நியாயம் இருக்கு. கேப்ல போட்டிருக்கற அழுத்தம் வெளிக்காத்து அழுத்தத்துக்கு மேல எவ்வளவுங்கற கணக்கு, அதனால ஊட்டி மாதிரி 2,240 மீட்டர்ல அதே 1.1 கேப் தண்ணிய 118 டிகிரி வரைக்கும்தான் காப்பாத்தும். லே 3,500 மீட்டர்ல கேப் இல்லாத தண்ணி 88 டிகிரிலயே கொதிச்சுடும், அங்க கேப் லீக் ஆனா பெரிய விஷயம்.

ஆனா அந்த அதிக அழுத்தத்த எல்லா பாகமும் தாங்கியாகணும். பழைய ரப்பர் ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர் டேங்க் வெல்டு, வாட்டர் பம்ப் சீல் எல்லாத்துக்கும் சேத்துதான் லோடு. ஒரு தடவ விழுந்து நசுங்கி, மறுபடி நிமித்தி வெல்டு வச்ச ரேடியேட்டர்ல 1.8 போடறத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், முன்னாடி கேப் வழியா துப்பினது இப்போ வெல்டு வழியா வரும், துப்பினதுக்குப் பதிலா தண்ணி ஊத்தி வீட்டுக்கு வரலாம், வெல்டு விட்டா தள்ளிகிட்டுத்தான் வரணும். ஸ்டாக் 1.1ன்னா 1.4, அதிகபட்சம் 1.6 வரைக்கும் போங்க, சிலிக்கான் ஹோஸ் போட்டுட்டு அதுக்கு மேல யோசிங்க. அப்புறம் கழுத்தோட அளவும் ஆழமும் வண்டிக்கு வண்டி மாறும், காருக்கு வர்ற கேப் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், உள்ள ஸ்பிரிங் சீட்ல உக்காராது.

## கூலன்ட் மாத்தறது

இதுல மூணு பாதை இருக்கு.

முதல் பாதை, பாதிக்குப் பாதி சாதா கூலன்ட். சிலிக்கேட் இல்லாத, அலுமினிய இன்ஜினுக்குன்னு போட்டிருக்கற பைக் கூலன்ட் எடுத்து டிஸ்டில்டு வாட்டர்ல கலக்குங்க. நம்ம ஊர் போர்வெல் தண்ணிய மட்டும் தயவு செஞ்சு ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு ஹெட்டுக்குள்ள வெள்ளையா ஏறிடும், அந்தப் படிவம் சூட்ட உலோகத்துல இருந்து தண்ணிக்கு விடாது. காட்டுக்குள்ள வேற வழியில்லாம ஊத்தினீங்கன்னா தப்பில்ல, வீட்டுக்கு வந்து முழுசா வடிச்சு மாத்திடுங்க. எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், விஷம். தெருநாய் நக்கிட்டா செத்துடும், சிந்தினத நல்லா தண்ணி விட்டுக் கழுவி விடுங்க, குழந்தைங்க கைக்கு எட்டற இடத்துல வைக்காதீங்க. எஞ்சின் ஐஸ் மாதிரி பிராப்பிலீன் கிளைக்கால் கூலன்ட் இந்த விஷயத்துல எவ்வளவோ பரவாயில்ல, கொதிநிலை கொஞ்சம் கம்மி, விலை கூட.

ரெண்டாவது பாதை, வெறும் டிஸ்டில்டு வாட்டரும் வாட்டர் வெட்டர் மாதிரி ஒரு அடிட்டிவும். தண்ணி மாதிரி சூட்டச் சுமக்கற திரவம் இதுல எதுவுமே இல்ல, கிளைக்கால் கலக்கக் கலக்க அந்தத் திறன் குறையத்தான் செய்யும். அதனால ஓடற வண்டியில சூடு லேசா குறையும். ஆனா கொதிநிலை கீழ இறங்கும், அதனால மெதுவா ஓட்டறவங்களுக்கு ஒரு கையில வாங்கி மறு கையில குடுத்த மாதிரிதான். ரேஸ் டிராக்ல கிளைக்கால் சிந்தினா வழுக்கும்னு தடை போட்டிருப்பாங்க, அங்க இதுதான் வழி. லடாக் பக்கம் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போற சீசன்ல இத ஊத்திகிட்டுப் போகாதீங்க, உறைஞ்சா இன்ஜினே வெடிக்கும். பாதிக்குப் பாதி கிளைக்கால் மைனஸ் 37 வரைக்கும் தாங்கும்.

மூணாவது பாதை, தண்ணியே இல்லாத கூலன்ட், எவன்ஸ் கம்பெனிதான் இதுல பேர் போனது. கொதிநிலை 180 டிகிரிக்கு மேல. அதனால கொதிக்காது, அழுத்தமும் பெருசா ஏறாது, ஹோஸுக்கு நிம்மதி, எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்துல இருக்கற சூட்டுப் புள்ளிகள்ல ஆவிப் படலம் உண்டாகறதும் குறையும். கேக்க அருமையா இருக்கும். ஆனா இது தண்ணியளவுக்குச் சூட்டச் சுமக்காது, கெட்டியாவும் இருக்கும், அதனால அதே ஓட்டத்துல கூலன்ட் சூடு முன்ன விட ஏறித்தான் நிக்கும். துப்பலன்னு நீங்க நம்பிக்கையா முறுக்கிகிட்டே இருப்பீங்க, உள்ள பிஸ்டனும் ஆயிலும் சூடாயிகிட்டே இருக்கும். டூ ஸ்ட்ரோக்ல டெட்டனேஷன் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாம வெடிக்கறது) ஆரம்பிச்சு பிஸ்டன் ஜாம் ஆகறதுக்கு கூலன்ட் கொதிக்கணும்னு அவசியமே இல்ல. அதனால இத ஊத்தறவங்க டெம்ப்ரேச்சர் மீட்டர் மாட்டாம ஊத்தக் கூடாதுங்கறது என் உறுதியான கருத்து.

விலையும் சாதா கூலன்ட விடப் பல மடங்கு. போடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற தண்ணிய ஒரு சொட்டு விடாம வெளிய எடுக்கணும், 3 சதவீதத்துக்கு மேல தண்ணி கலந்தா சொன்ன பலன் இல்ல. இப்போ என்னோட கடைசிக் கேள்வியக் கேளுங்க. காட்டுல கல்லுல விழுந்து ஹோஸ் கிழிஞ்சு பாதி கூலன்ட் போச்சு, பையில இருக்கறது குடிக்கற தண்ணி. அத ஊத்தின நிமிஷமே அத்தன விலை குடுத்து வாங்கினது வீண். அதே நேரம், பக்கத்துல ஒரு பிக்கப் வண்டியோட போற ரேஸ்காரங்களுக்கு, ஒரு ஸ்டேஜ் முழுக்க துப்பாம ஓடணும்கறவங்களுக்கு இது நல்ல தேர்வு.

## பெரிய ரேடியேட்டர்

கூலன்ட் அளவும் கூடும், காத்து படற இடமும் கூடும். மணல்ல, நல்ல ஓப்பன் இடத்துல, த்ராட்டில் பிடிச்சுகிட்டே ஓட்டற 450 வண்டிக்கு இதுதான் சரியான மருந்து, ஏன்னா மணல்ல இன்ஜின் முழு லோடுல இருக்கும், காத்தும் ஓரளவுக்கு வந்துகிட்டே இருக்கும். நடக்கற வேகத்துல காத்தே இல்லாத இடத்துல பெருசு போட்டா சூடாகறதுக்குக் கொஞ்சம் கூட நேரம் ஆகும், ஆறறதுக்கும் கூட நேரம் ஆகும்.

ரேடியேட்டர் அகலமா ஆனா விழும்போது மொதல்ல அடி வாங்கறது அதுதான், அதனால கார்டு (முன்னாடி காக்கற தடுப்பு), பிரேஸ் (வளையாம பிடிக்கற சட்டம்) வாங்கியே ஆகணும். பெட்ரோல் டேங்க் ஷ்ரவுடு (பக்கவாட்டு பிளாஸ்டிக்) பொருந்தாம இழுத்து மாட்ட வேண்டி வரும். விலை கம்மியா ஆன்லைன்ல கிடைக்கற சீன ரேடியேட்டர்கள்ல வெல்டு தரம் ஒண்ணுக்கொண்ணு மாறும், கையில வந்ததும் வாய அடைச்சு தண்ணியில முக்கி காத்து அழுத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணாம வண்டியில ஏத்தாதீங்க. ஸ்டாக் ரேடியேட்டர் நல்ல நிலையில இருந்தா, அதுக்கு ஒரு கெட்டியான கார்டு வாங்கறது பெரிய ரேடியேட்டர விடப் புத்திசாலித்தனம். கார்டு முன்னாடி மெஷ் வலை போட்டா சேத்துல அடைச்சுக்கும், மழைக்காலத்துல கழட்டிடுங்க.

## இம்பெல்லர், தெர்மோஸ்டாட்

பாய்சன் மாதிரி கம்பெனிங்க பெரிய இம்பெல்லரும் (வாட்டர் பம்ப்புக்குள்ள கூலன்டத் தள்ற சக்கரம்) அதுக்கேத்த பம்ப் மூடியும் சேத்து விக்கறாங்க. ஓட்டம் கூடும், குறைஞ்ச ஆர்பிஎம்ல அது உதவும்தான், ஆனா ரேடியேட்டர்ல காத்து இல்லன்னா சூடான கூலன்ட வேகமா சுத்த வச்சு என்ன ஆகப் போகுது. ஃபேன் போட்ட அப்புறமும் போதலன்னா இதுக்கு வாங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம். பழைய இம்பெல்லர் பிளாஸ்டிக் தேஞ்சிருந்தா ஸ்டாக்கே புதுசு போடுங்க.

கூலன்ட் வேகமா ஓடினா ரேடியேட்டர்ல ஆறறதுக்கு நேரம் கிடைக்காது, அதனால ஓட்டத்தக் குறைக்கணும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா சுத்துது. அது சரியில்ல. ஒரு சுத்துல குறைவா ஆறினாலும் அத்தன தடவ கூடுதலா சுத்தி வருது, மொத்தத்துல வெளிய போற சூடு கூடத்தான் செய்யும்.

தெர்மோஸ்டாட் இருக்கற வண்டியில அதக் கழட்டி வீசறதுதான் நம்ம பக்கம் செலவே இல்லாத வைத்தியம். திறக்காம ஒட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட்டுன்னா மாத்துங்க, வெந்நீர்ல போட்டா திறக்குதான்னு வீட்டுலயே பாக்கலாம். நல்லா இருக்கறதக் கழட்டினா உச்ச சூடு குறையாது, ஏன்னா சூடான அப்புறம் அது எப்படியும் முழுசா திறந்துதான் இருக்கும். இன்ஜின் சூடாக நேரம் எடுக்கும், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி ரொம்ப நேரம் ரிச்சாவே (பெட்ரோல் அதிகமா குடிச்சு) ஓடும், பெட்ரோல் ஆயில்ல இறங்கும். பைபாஸ் வழி இருக்கற இன்ஜின்ல இன்னும் மோசம், கழட்டினதும் பாதி கூலன்ட் ரேடியேட்டருக்கே போகாம குறுக்கு வழியில சுத்த ஆரம்பிக்கும், அதனால சூடு கூடும். 390 அட்வென்ச்சர், ஹிமாலயன் ஓட்டறவங்க இத யார் சொன்னாலும் செய்யாதீங்க.

## ரெக்கவரி பாட்டில்

இத யாரும் கேக்கறதே இல்ல, நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிகிட்டு இருக்கேன். மோட்டோகிராஸ் வண்டியில கேப்புக்குக் கீழ இருந்து ஒரு சின்ன ட்யூப் நேரா தரைக்குப் போகும், துப்பினது போனதுதான். அந்த ட்யூப ஒரு சின்ன பாட்டிலுக்குத் திருப்பி, முனை எப்பவும் அடியில இருக்கற கூலன்டுக்குள்ள முங்கி இருக்கற மாதிரி வச்சா, சூட்டுல வெளிய வந்தது இன்ஜின் ஆறும்போது தானா திரும்ப உறிஞ்சிக்கும். பாட்டில் மூடியில காத்து போய் வர ஒரு ஓட்ட வேணும். கேப்ல மேல ஒரு ரப்பர் சீலும் நடுவுல நல்லா அசையற சின்ன வால்வும் இருக்கறது கட்டாயம், இல்லன்னா கூலன்டுக்குப் பதிலா காத்த இழுக்கும்.

சூடு குறையாது, கொதிநிலையும் ஏறாது. ஆனா முன்னாடி சொன்ன அந்தச் சுழல், துப்பி துப்பி இன்னும் கொதிக்கறது, அத இது அறுத்து விடுது. செலவு சில நூறு ரூபாய். சைலன்சர் பக்கம், எக்ஸாஸ்ட் பைப் பக்கம் கட்டாதீங்க, ஏர் பில்டர் பெட்டி ஓரமோ ஃபிரேம் டவுன் ட்யூபோ சரியா இருக்கும்.

## ஒரே பார்வையில

| வழி | சூட்டக் குறைக்குமா | கொதிநிலைய ஏத்துமா | நிக்கும்போது வேல செய்யுமா | மறைஞ்ச செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| ஃபேன் | ஆமா | இல்ல | ஆமா | பேட்டரி, ஸ்டேட்டர், வயரிங் | மெதுவான கல்லு, ஏத்தம், காடு |
| ஹை பிரஷர் கேப் | இல்ல | 1.1ல இருந்து 1.8க்கு சுமார் 9 டிகிரி | ஆமா, தாமதிக்க மட்டும் | ஹோஸ், வெல்டு, பம்ப் சீல் | விளிம்புல மட்டும் துப்பற வண்டி, மலைப்பயணம் |
| தண்ணியும் வெட்டரும் | லேசா | இல்ல, இறங்கும் | இல்ல | உறையற ஆபத்து, துருப்பாதுகாப்பு கம்மி | கிளைக்கால் தடை இருக்கற டிராக் |
| தண்ணியில்லா கூலன்ட் | இல்ல, லேசா கூடும் | ரொம்ப | ஆமா, துப்பாம இருக்க மட்டும் | விலை, முழுசா வடிக்கற வேலை, டெம்ப்ரேச்சர் மீட்டர் | சப்போர்ட் வண்டி இருக்கற ரேஸ்காரங்க |
| பெரிய ரேடியேட்டர் | ஓடும்போது ஆமா | இல்ல | கொஞ்சம் | கார்டு, ஷ்ரவுடு, எடை | மணல், வேகமான ஓப்பன் இடம் |
| இம்பெல்லர் | கொஞ்சம் | இல்ல | காத்து இருந்தா மட்டும் | பம்ப் மூடி விலை | ஃபேன் போட்டும் போதாதவங்க |
| ரெக்கவரி பாட்டில் | இல்ல | இல்ல | கூலன்டக் காப்பாத்தும் | ஒண்ணும் இல்ல | எல்லாரும் |

## அப்போ எந்த வரிசையில போறது

ஃபேன் இல்லாத எண்டுரோ வண்டி, பேட்டரி இருக்கு, வாரக் கடைசியில மலையடிவாரத்துல மெதுவா ஓட்டறீங்கன்னா, ஃபின் சுத்தம், புது ஸ்டாக் கேப், புது பாதிக்குப் பாதி கூலன்ட், ரெக்கவரி பாட்டில். இது நாலையும் செஞ்சு ஓட்டிப் பாருங்க. இன்னும் துப்பினா நேரா ஃபேன். நடுவுல வேற எதுலயும் காசு போட வேண்டாம்.

பேட்டரி இல்லாத மோட்டோகிராஸ் வண்டிய வச்சு காட்டுல ஓட்டறவங்களுக்குத்தான் கேப்பும் கூலன்டும் நிஜமாவே உதவும், ஏன்னா ஃபேனுக்கு ஆகற செலவு அங்க நியாயமா இல்ல. 1.4 கேப், நல்ல ஹோஸ், பாட்டில், அதோட சூட்டுக்கு நிறம் மாறற ஒரு டெம்ப்ரேச்சர் ஸ்டிக்கராவது ரேடியேட்டர் மேல் டேங்க்ல ஒட்டிக்கங்க. இவங்க ஓட்டற விதத்துலதான் பாதி தீர்வு இருக்கு. முன்னாடி போறவர் மாட்டிகிட்டா ஐடில்ல நின்னு காத்திருக்காதீங்க, ஆஃப் பண்ணுங்க. ஹாஃப் கிளட்ச்ல கத்த விடாம ஒரு லைன் பாத்து ஒரே மூச்சுல ஏறப் பாருங்க. ரொம்ப சூடான வண்டிய ஆஃப் பண்றதுக்கு முன்னாடி சமமான இடம் இருந்தா கொஞ்ச தூரம் லேசான த்ராட்டில்ல ஓட்டி காத்து குடுத்துட்டு நிறுத்துங்க, ஏன்னா ஆஃப் பண்ணதும் பம்ப் நின்னுடும், ஹெட்ல இருக்கற சூடு அப்படியே கூலன்டுக்கு ஏறும், நிறுத்தின அப்புறம் துப்பறது அதனாலதான். ரேடியேட்டர் ஃபின்ன லேசா நனைக்கலாம், சிலிண்டர் மேல பச்சத் தண்ணி ஊத்தாதீங்க.

390 அட்வென்ச்சர், ஹிமாலயன் 450 மாதிரி வண்டி வச்சிருக்கறவங்க டிரெயில்ல சூடு ஏறுதுன்னா புதுசா எதுவும் வாங்காதீங்க. ஃபேன் சுத்துதா, ஃபியூஸ் இருக்கா, ரிசர்வ் டேங்க்ல கூலன்ட் கோட்டுக்குள்ள இருக்கா, ரேடியேட்டர் கார்டுல சேறு அடைச்சிருக்கா, இத மட்டும் பாருங்க. வாரண்டில இருக்கற வண்டியில வேற கேப், வேற கூலன்ட் போட்டு அப்புறம் ஹெட் கேஸ்கெட் போனா, சர்வீஸ் சென்டர்ல மொதல்ல கேக்கறது அதப் பத்திதான் இருக்கும்.

எத மாத்தினாலும் கூலன்ட் ஊத்தின அப்புறம் காத்த வெளிய எடுக்க மறக்காதீங்க. முன் சக்கரத்த ஒரு கல்லு மேலயோ ஸ்டாண்டு மேலயோ ஏத்தி வச்சு, கேப்பக் கழட்டி, ஹோஸ கையால அமுக்கி அமுக்கி விடுங்க, குமிழ் வர்றது நின்ன அப்புறம் மேல வரைக்கும் நிரப்பி மூடுங்க. ஹெட்ல பிளீடர் ஸ்க்ரூ இருந்தா அதத் தளத்தி கூலன்ட் சொட்டுன்னு வர்ற வரைக்கும் விட்டு டைட் பண்ணுங்க. முதல் ரைடு முடிஞ்சு வண்டி நல்லா ஆறின அப்புறம் மறுபடி திறந்து பாத்தா மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அத டாப் அப் பண்ணிட்டு, அதுக்கப்புறமும் இறங்குதான்னு அடுத்த ரைடுல பாருங்க.